பழைய கோல்ட் ரிவால்வரில் நிக்கல் முலாம்: தொழிற்சாலையில் பூசியதா, பிற்பாடு பூசியதா?

அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனியான கோல்ட் 1880களில் செய்த சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வர் ஒன்று வெள்ளிக் கிண்ணம் மாதிரி பளபளவென்று மேசையில் இருக்கும். பக்கத்தில் அதே வயதுடைய இன்னொன்று, நீலமெல்லாம் (இரும்புக்குக் கொடுக்கும் கருநீலப் பூச்சு) தேய்ந்து பழுப்பேறிப் போய்க் கிடக்கும். புதிதாகச் சேகரிக்க வந்தவர் கை நேராகப் பளபளப்பின் மேல்தான் போகும். ஆனால் பழுப்பேறியதற்குத்தான் பெரும்பாலும் விலை அதிகம். அந்தப் பளபளப்பு பிற்பாடு பூசிய நிக்கலாக இருக்கலாம், பணம் கொடுப்பதற்கு முன்னால் அதை எப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்று சொல்கிறேன்.

நிக்கல் என்றாலே பிற்பாடு பூசியது என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1873-இல் வந்த இந்த ரிவால்வருக்கு வழக்கமான பூச்சு என்றால் பேரலும் சிலிண்டரும் நீலம், ஃபிரேம் மட்டும் கேஸ் ஹார்டனிங் (சூடாக்கி மேற்பரப்பைக் கடினமாக்குவது) செய்து வண்ணத் திட்டுகளோடு இருக்கும். கேட்டவர்களுக்கு ஹார்ட்ஃபோர்டில் இருந்த கோல்ட் தொழிற்சாலையே நிக்கல் பூசியும் கொடுத்தது. அமெரிக்க மேற்குப் பகுதியில் ஷெரிஃபாக இருந்து பெயர் பெற்ற பேட் மாஸ்டர்சன் 1885-இல் டாட்ஜ் சிட்டியிலிருந்து கோல்ட் கம்பெனிக்குக் கடிதம் எழுதிக் கேட்டது நிக்கல் பூசிய, பேரல் குட்டையான .45 ரிவால்வரைத்தான். வியர்வைக்கும் மழைக்கும் கரிமருந்துக் கசடுக்கும் நீலத்தைவிட நிக்கல் நன்றாகத் தாங்கும், அதனால் வாங்கினார்கள்.

பிற்பாடு பூசியதில் சிக்கல் முலாமில் இல்லை, முலாமுக்கு முன்னால் நடந்த பாலிஷில் இருக்கிறது. துருக்குழிகள் தெரியாமல் இருக்க பஃபிங் சக்கரத்தில் (பாலிஷ் போடும் துணிச்சக்கரம்) வைத்து அழுத்தித் தேய்த்துவிட்டுத்தான் பூசுவார்கள். முலாம் மெல்லிய தோல் மாதிரி, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். தேய்ந்துபோன இரும்பை யாரும் திரும்ப வைக்க முடியாது.

படி 1. உரிமையாளரிடம் கேட்டுவிட்டுக் கையில் எடுங்கள். ஹாமரைப் பாதியளவு இழுத்து நிறுத்தி, வலது பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து, சிலிண்டரைச் சுற்றி ஆறு அறையும் காலிதானா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். உரிமையாளர் பார்த்தாச்சு என்று சொன்னாலும் நீங்களும் பாருங்கள்.

படி 2. லென்ஸும் டார்ச்சும் வேண்டும், நேரம் அதிகம் செலவழிய வேண்டியதும் இங்கேதான். ஃபிரேமின் இடது பக்கம் காப்புரிமைத் தேதிகள் அடித்திருக்கும்: 1871, 1872, கொஞ்சம் பிந்திய துப்பாக்கியென்றால் 1875-ம் சேர்ந்து. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். தேய்க்காத இரும்பில் எழுத்தின் ஓரம் கூர்மையாக, பள்ளம் ஒரே ஆழமாக இருக்கும். பஃபிங் வாங்கியதில் ஒரு எழுத்தின் மேல்பாதி தெரியும், கீழ்ப்பாதி மங்கிக் கரைந்துபோயிருக்கும். அப்புறம் ஸ்க்ரூ இருக்கும் ஓட்டைகளைப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றி இரும்பு தட்டையாக இருக்க வேண்டும், தட்டு மாதிரி உள்வாங்கிக் குழிந்திருந்தால் துணிச்சக்கரம் அங்கே புகுந்து தின்றிருக்கிறது என்று அர்த்தம். சிலிண்டரின் நீளப் பள்ளங்களின் விளிம்பு மழுங்கி வழவழவென்று இருப்பதும் இதே கதைதான். பளபளக்கும் முலாமுக்கு அடியில் பொடிப்பொடியாகத் துருக்குழி தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், துரு பிடித்த பிறகு பூசியது.

படி 3. ஸ்க்ரூ தலைகள். தொழிற்சாலை நிக்கலில் பெரும்பாலும் ஸ்க்ரூக்களும் ட்ரிகரும் நீலமாகவே இருக்கும். பிற்பாடு பூசியவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகத் தொட்டியில் போட்டிருப்பார்கள், ஸ்க்ரூவின் வெட்டு வரைக்கும் வெள்ளையாக இருக்கும். இது ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், ஸ்க்ரூவை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம்.

படி 4. நிறம். நிக்கலில் லேசான மஞ்சள் கலந்த வெண்மை இருக்கும், குரோமியம் நீலம் கலந்த குளிர்ந்த வெண்மை. குரோமியம் முலாம் கடைத்தெருவுக்கு வந்ததே 1920களில்தான், எனவே 1880களின் துப்பாக்கியில் அது இருந்தால் பிற்பாடு பூசியதுதான், கேள்வியே இல்லை. முலாம் உரிந்த இடத்தையும் பாருங்கள். கவரிங் வளையல் தேய்ந்தால் அடியில் செம்பு தெரியுமே, அதே நிறம் பேரல் முனையில் எட்டிப்பார்த்தால் செம்பை அடித்தளமாகப் போட்டு அதன்மேல் நிக்கல் ஏற்றியிருக்கிறார்கள், பிற்காலத்து வேலை என்பதற்கு அது வலுவான அடையாளம்.

படி 5. ஃபிரேமில் "யு.எஸ்." முத்திரை இருக்கிறதா? ராணுவத்துக்குப் போனவை நீலமும் கேஸ் ஹார்டனிங்கும்தான். முத்திரையும் இருந்து நிக்கலும் இருந்தால், ராணுவத்தை விட்டு வெளியே வந்த பிறகு யாரோ பூசியதாகத்தான் இருக்கும்.

படி 6. தொடர் எண். ஃபிரேமின் அடியில், ட்ரிகர் கார்டில், பிடியின் பின்பட்டையில் என்று மூன்று இடத்திலும் ஒரே எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், கோல்ட் ஆவணக் காப்பகம் பழைய பதிவேட்டைப் பார்த்து எந்தப் பூச்சோடு, எந்தத் தேதியில், யாருக்கு அனுப்பினார்கள் என்று கடிதம் தரும். கடிதம் "நீலம்" என்கிறது, கையில் இருப்பது நிக்கல் என்றால் விஷயம் முடிந்தது. விலை உயர்ந்த துப்பாக்கியைக் கடிதம் இல்லாமல் வாங்காதீர்கள், இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

சரி, விலை எவ்வளவு இறங்கும்? பிற்பாடு பூசியது என்று உறுதியானால், அசல் பூச்சு ஓரளவு மிஞ்சிய அதே மாதிரியின் விலையில் பாதிக்கும் கீழே போவது சாதாரணம். எழுத்தும் விளிம்பும் கூர்மையாக இருந்து, பூச்சும் பழங்காலத்தது என்றால் அவ்வளவு இறங்காது. அந்தக் காலத்திலேயே துப்பாக்கி வியாபாரிகளும் பட்டறைக்காரர்களும் வாடிக்கையாளருக்காகப் பூசிக் கொடுத்ததுண்டு, அதுவும் அந்தத் துப்பாக்கியின் வாழ்க்கையில் ஒரு பகுதிதான், எனக்கு அவற்றின் மேல் தனி மரியாதை உண்டு.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? முலாமை உரிக்க வேண்டாம். அடியில் அசல் நீலம் காத்துக்கொண்டிருக்காது, வெறும் இரும்புதான் வரும், அதைத் திரும்ப நீலமாக்கினால் இரண்டாவது முறை மாற்றியதாகிவிடும். சுத்தம் செய்யும்போது அம்மோனியா கலந்த செம்பு நீக்கியைத் தொடாதீர்கள், முலாமில் கீறல் இருந்தால் அதன் வழியே அடிச்செம்பைக் கரைத்து நிக்கலைத் தோல் தோலாகக் கிளப்பிவிடும். மெல்லிய எண்ணெய் தடவிய பருத்தித் துணியே போதும். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், துரு முலாமுக்கு அடியிலேயே ஓடும்.