கருவிழி மாற்று அறுவையில் லேசர்: எதற்கு எது என்று எப்படிக் கேட்டறிவது

"லேசர் வைத்துத்தானே செய்வீர்கள்?" கருவிழி மாற்று அறுவைக்கு நாள் குறித்த பிறகு என் எதிரே வந்து உட்காருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது இதைத்தான். பதினாறு ஆண்டுகளாகக் கண் அறுவை அரங்கில் லேசர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன். நோயாளியின் கண்ணைக் கருவியோடு பொருத்துவது, வெட்டின் அளவுகளைப் பதிவது, அறுவைக்கு முன் குடும்பத்தாருக்கு விளக்குவது எல்லாம் என் வேலை. கேள்வியில் தவறில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: கருவிழியில், அதாவது கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் தெளிவான கார்னியாவில், எந்த அடுக்கு கெட்டுப் போயிருக்கிறது?

மருத்துவரிடம் ஒரு தாளை நீட்டி, படம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கருவிழியின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன்தான். மேலே மெல்லிய தோல் போன்ற படலம். அதன் கீழே, தடிமனில் பத்தில் ஒன்பது பங்கை அடைத்துக்கொண்டு நிற்கும் ஸ்ட்ரோமா. அடியில் டெஸ்மே படலம். அதன் உட்புறத்தில் ஒற்றை வரிசையாக ஒட்டியிருக்கும் எண்டோதீலியம் செல்கள். இந்தச் செல்கள்தாம் கருவிழியில் ஊறும் நீரை இடைவிடாமல் வெளியேற்றி அதைத் தெளிவாக வைத்திருக்கின்றன. அழிந்தால் புதிதாக முளைத்து வருவதில்லை.

எண்டோதீலியம் நன்றாக இருந்து ஸ்ட்ரோமா மட்டும் கூம்பு போலப் பிதுங்கியிருந்தாலோ தழும்பேறியிருந்தாலோ, முன்பக்கத்தை மட்டும் மாற்றும் டால்க். எண்டோதீலியம் மட்டும் கெட்டிருந்தால், உள்பக்கத்தை மட்டும் மாற்றும் டிசேக் (ஸ்ட்ரோமாவின் மெல்லிய சீவலோடு சேர்த்து) அல்லது டிமெக் (படலத்தை மட்டும்). எல்லா அடுக்கும் போய்விட்டால் முழுத் தடிமனையும் மாற்றும் பி.கே. மருத்துவர் இவற்றில் எந்தப் பெயரைச் சொல்கிறார் என்று தெரிந்த பிறகுதான் லேசரைப் பற்றிப் பேசுவதில் பொருள் இருக்கிறது. ஏனென்றால் ஒவ்வொன்றிலும் லேசருக்கு இருக்கும் வேலை வேறு.

அடுத்து, லேசர் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு கருவிகள் ஒளிந்திருக்கின்றன. எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபெம்டோசெகண்ட் லேசர் அகச்சிவப்பு ஒளி. தெளிவான திசுவின் ஊடாக அது சென்று, நாம் குறித்த ஆழத்தில் மட்டும் நுண்ணிய குமிழியாக வெடிக்கிறது. அப்படி ஆயிரமாயிரம் குமிழிகள் வரிசையாக விழுந்தால் அதுவே வெட்டு. அஞ்சல் தலைகளுக்கு நடுவே துளை வரிசை இருக்குமே, அதைப் போல. பிறகு அறுவை மருத்துவர் மழுங்கிய சிறு கொக்கியை அந்தக் கோட்டில் ஓட்டினால், திசு தானே பிரிந்து வரும். நுண்ணோக்கியின் திரையில் இதைப் பார்க்கும்போது இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

ஒளி உள்ளே போயாக வேண்டும் என்பதால் அடர்ந்த வெண்தழும்பும் இரத்தக் குழாய் படர்ந்த கருவிழியும் அதற்குத் தடை. கண்ணை அசையாமல் பிடிக்க உறிஞ்சு வளையம் வைத்து, கருவிழியை ஓரளவு அழுத்தவும் வேண்டும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். பார்வை சில நொடிகள் இருண்டு போகலாம். எனவே முன்பே கண் அழுத்த நோய்க்கு வடிகால் அறுவை செய்தவர்கள், கருவிழியில் துளை விழுந்தவர்கள், கண் இடுக்கு மிகக் குறுகலானவர்கள் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். "பழைய கதைதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

எக்சைமர் லேசர் நேர்மாறானது. 193 நானோமீட்டர் புறஊதா ஒளி. உள்ளே ஊடுருவாது, மேலிருந்து கீழாகத் துளித்துளியாகச் செதுக்கிக்கொண்டே போகும். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கண் மருத்துவர் நௌமனின் குழுவினர் 1989இல் இதைக் கருவிழி மாற்றுக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணின் மேல் ஓர் உலோக வளையத்தை வைத்து அதன் விளிம்பையொட்டி வெட்டுகிறார்கள். வளையத்தில் எட்டுப் பற்கள் உண்டு. தானக் கருவிழியிலும் அதே எட்டுப் பற்கள் பொருந்துவதால் திருகல் இல்லாமல் உட்காருகிறது. கருவிழியை யாரும் அழுத்துவதில்லை. கூம்பிய கருவிழிக்கு இது பெரிய நன்மை: கூம்பை அழுத்தி வட்டமாக வெட்டிவிட்டுக் கையை எடுத்தால், அந்த வட்டம் நீள்வட்டமாகிவிடும். தட்டையாக அழுத்தும் ஃபெம்டோ கருவியில் இந்தத் தொல்லை இருக்கிறது; வளைந்த பரப்புள்ள கருவியில் குறைவு. ஆனால் எக்சைமரால் உள்ளே போய்ப் பக்கவாட்டில் திரும்பி வெட்ட முடியாது.

ஃபெம்டோவின் உண்மையான பலம் அந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது. வட்டக் கத்தியால் வெட்டினால் விளிம்பு நேர்ச்சுவர். ஃபெம்டோவால் படிபோல வெட்டலாம். முன்னால் குறுகி உள்ளே அகன்றால் தொப்பி வடிவம். தானமாகக் கிடைத்த எண்டோதீலியம் செல்கள் அதிகமாக உள்ளே போகும். முன்னால் அகன்று உள்ளே குறுகினால் காளான் வடிவம். நோயாளியின் சொந்த எண்டோதீலியம் பெரும்பகுதி மிச்சப்படும், கூம்பிய கருவிழிக்கு ஏற்றது. மூன்றாவது நெளிவெட்டு, சாய்ந்த விளிம்புகள் மேற்பரப்பைச் சீராகச் சேர்க்கும். தானக் கருவிழியையும் அதே வடிவில் லேசர் வெட்டித் தருவதால் இரண்டும் பெட்டியும் மூடியுமாகப் பொருந்துகின்றன. தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால் போடும் தையல்களை இறுக்கி இழுக்க வேண்டியதில்லை. சிலருக்குச் சீக்கிரமே பிரித்துவிடவும் முடிகிறது.

இதில் ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். கண்ணாடியால் திருத்தக் கடினமான சிதறல் பார்வை (அஸ்டிக்மாடிசம்) முதல் சில மாதங்களில் லேசர் வெட்டில் குறைவாக இருப்பதாக ஆய்வுகள் காட்டின. ஆறு மாதம் தாண்டி, தையல்களும் பிரிந்த பிறகு, கத்தி வெட்டுக்கும் இதற்கும் உள்ள இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே "லேசரென்றால் கண்ணாடியே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தையல் போடும் கைக்கு இதில் பெரும்பங்கு இருக்கிறது. 1905 டிசம்பர் 7 அன்று கண் மருத்துவர் எட்வர்ட் சிர்ம் செய்த உலகின் முதல் வெற்றிகரமான கருவிழி மாற்றில் லேசர் ஏது? சுண்ணாம்பால் வெந்துபோன கண்ணில் அவர் வைத்த ஒட்டு (தானக் கருவிழித் துண்டு) தெளிவாகவே நின்றது.

பி.கே.யில் ஃபெம்டோ பயன்படுத்தினால் இன்னொன்று உண்டு. லேசர் இருக்கும் அறை ஒன்று, அறுவை அரங்கு வேறொன்று என்றால், வெட்டை முழுதாக முடிக்காமல் அடியில் ஏறத்தாழ 70 மைக்ரான் திசுவைப் பாலமாக விட்டுவைக்கிறோம். நடுவழியில் வெட்டு திறந்துகொள்ளக் கூடாது அல்லவா? அந்த இடைவேளையில் கண்ணை இறுக மூடாதீர்கள், தொடாதீர்கள், இருமல் வந்தால் உடனே சொல்லுங்கள். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், ஒரு பெரியவர் லேசர் ஓடும்போது பயத்தில் தலையை அசைத்துவிட்டார்; உறிஞ்சு பிடி கழன்றது, வெட்டு பாதியில் நின்றது. மருத்துவர் பதறாமல் மீதியைக் கத்தியால் முடித்தார். அன்றிலிருந்து, வளையம் கண்ணில் இறங்கும்போது எப்படி இருக்கும், எவ்வளவு நேரம் இருக்கும் என்று முந்தின நாளே சொல்லித் தருகிறேன். உங்களுக்கு யாரும் சொல்லவில்லையென்றால் நீங்களே கேளுங்கள்.

டால்க் செய்யப்போகிறவர்கள் கேட்க வேண்டியது வேறு. ஸ்ட்ரோமாவுக்கும் டெஸ்மே படலத்துக்கும் நடுவே ஊசியால் காற்றைச் செலுத்தி, பெரிய குமிழியாக ஊதி இரண்டையும் பிரிப்பது கண் மருத்துவர்கள் அன்வரும் டைக்மனும் 2002இல் வெளியிட்ட முறை. ஊசி எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதில்தான் கஷ்டமே. திசுவின் குறுக்குவெட்டைக் காட்டும் ஓசிடி படத்தைப் பார்த்துக்கொண்டே லேசரால் சரியான ஆழத்தில் சின்னச் சுரங்கம் வெட்டி, அதன் வழியாக ஊசியை அனுப்பலாம். அப்போதும் குமிழி வராமல் போகலாம், படலம் கிழியலாம். "கிழிந்தால் பி.கே.யாக மாற்றுவீர்களா? அதற்குத் தகுந்த எண்டோதீலியம் உள்ள தானக் கருவிழி கையில் இருக்குமா?" இந்த இரண்டு கேள்விகளையும் கட்டாயம் கேளுங்கள்.

டிசேக், டிமெக் என்றால் லேசருக்காக அலைய வேண்டாம் என்பது என் கருத்து. டிசேக்குக்கான தானத் திசுவை ஃபெம்டோவால் சீவிப் பார்த்தார்கள். ஆழத்தில் நார்கள் தளர்வாக இருப்பதாலும் அழுத்தத்தில் மடிப்பு விழுவதாலும் பரப்பு மேடுபள்ளமாகிப் பார்வை மங்கியது. நுண்கத்தி இயந்திரமே அங்கே மேல். டிமெக்கில் படலத்தைக் கையால்தான் உரிக்கிறார்கள். நோயாளியின் பழைய படலத்தை வட்டமாக வெட்ட மட்டும் சிலர் லேசரைப் பயன்படுத்துகிறார்கள். புது ஒட்டு கழன்றுவருவது குறைந்ததாகச் சொல்கிறார்கள். "லேசர் டிமெக்" என்று எங்காவது எழுதியிருந்தால், எந்தக் கட்டத்தில் லேசர் என்று கேளுங்கள்.

அறுவைக்குப் பிந்தைய கவனிப்பு எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்: சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது. சிவப்பு, கூச்சம், வலி, மங்கல் இவற்றில் எது வந்தாலும், ஐந்து ஆண்டுகள் கழிந்திருந்தாலும், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். உடல் ஒட்டை நிராகரிக்கத் தொடங்கியிருக்கலாம்.

வீட்டுக்குக் கிளம்பும்போது தரும் தாளில் எந்த முறை, எந்த லேசர், வெட்டின் வடிவம், இரு கருவிழிகளின் விட்டம் ஆகியவை எழுதியிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதி வாங்குங்கள். பின்னாளில் அதே கண்ணில் மறுபடி ஒட்டு வைக்க நேர்ந்தால், உள்ளே இருப்பது நேர்ச்சுவரா, காளானா, தொப்பியா என்று புது மருத்துவர் முதலில் தேடப்போவது அந்தத் தாளைத்தான்.