பகலில் அதட்டுகிறோம், இரவில் விட்டுவிடுகிறோம்: விரல் சூப்பும் பழக்கத்தில் நாம் செய்யும் தவறுகள்

விரல் சூப்பும் பிள்ளை வீட்டில் இருந்தால் வருகிற விருந்தாளிகள் எல்லாரும் வைத்தியர் ஆகிவிடுவார்கள். ஒருவர் வேப்பெண்ணெய் என்பார், இன்னொருவர் மிளகாய்த்தூள் என்பார், மூன்றாமவர் "எங்க அண்ணன் பையனுக்குத் துணி சுத்தி வச்சோம், நாலே நாள்ல நின்னுருச்சு" என்பார். என் மகள் நாலரை வயது வரை இடது கட்டைவிரலைச் சூப்பினாள். இந்த மூன்றில் இரண்டை நானும் செய்து பார்த்தேன். கீழே வரும் தவறுகளில் பாதி என் சொந்தக் கணக்கு.

முதல் தவறு, சீக்கிரமே பதறுவது. ஏழு மாதக் குழந்தையின் கையைத் தட்டிவிடும் பெரியவர்கள் உண்டு. வயிற்றுக்குள் இருக்கும்போதே விரல் வாய்க்குப் போவது ஸ்கேனில் தெரிகிறது. பால் குடிக்க உதவும் அதே உறிஞ்சும் உணர்வுதான் இது. ஆலிலைக் கண்ணன் கால் கட்டைவிரலைச் சூப்பும் படத்தைப் பூஜை அறையில் மாட்டிவிட்டு, பேரன் கைவிரலைச் சூப்பினால் மட்டும் முகம் சுளிக்கிறோம். பெரும்பாலான குழந்தைகள் 2 முதல் 4 வயதுக்குள் தாங்களாகவே விட்டுவிடுவார்கள். அதுவரை கையைச் சுத்தமாக வைத்து, நகம் வெட்டிவிட்டால் போதும்.

கிருமி போகும், கீரிப்பூச்சி வரும் என்ற பயம் நியாயமானதே, அதற்கு மருந்து சோப்புதான். சொல்லப்போனால், நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972–73 இல் பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், விரல் சூப்பியவர்களுக்கும் நகம் கடித்தவர்களுக்கும் 13 வயதில் ஒவ்வாமைச் சோதனை காட்டிய எதிர்வினை மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. 2016 இல் இதை வெளியிட்டவர்கள், இதற்காகப் பழக்கத்தை வளர்க்கச் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட்டார்கள். நானும் சொல்லவில்லை.

இதற்கு நேர் எதிரான தவறு, "தானா நின்னுரும்" என்று ஒன்றாம் வகுப்பு வரை விட்டுவிடுவது. பால் பற்களில் விழும் கோணல், பழக்கம் சீக்கிரம் நின்றுவிட்டால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். 6 வயதையொட்டி நிரந்தரப் பற்கள் முளைக்கத் தொடங்குகின்றன. அப்போதும் விரல் உள்ளே இருந்தால் பின்னால் கிளிப் போடும் வேலை வரலாம். 3 வயது தாண்டியும் சூப்புகிறது என்றால் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

இப்போது மிகப் பெரிய தவறுக்கு வருகிறேன். எந்த நேரத்துச் சூப்பல் பல்லை நகர்த்துகிறது என்பதை நாம் யோசிப்பதே இல்லை. பல் நகர்வதற்கு எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதைவிட எவ்வளவு நேரம் அழுத்துகிறோம் என்பதே முக்கியம். டிவி பார்த்தபடி பத்து நிமிஷம் சத்தமாகச் சூப்பும் பிள்ளையைவிட, இரவு ஆறு மணி நேரம் விரலை வாயில் வைத்தபடியே தூங்கும் பிள்ளையின் பல்தான் அதிகம் நகரும். விரல் நடுவில் நிற்பதால் முன்பற்கள் முழுதாக இறங்க வழியில்லை; மேல்பல் முன்னே தள்ளப்படும், கீழ்பல் உள்ளே சாயும், வாயை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி நிற்கும். நாக்கு தன் இடத்தில் இல்லாமல் கீழே அமுங்கிக் கிடப்பதால், கன்னத் தசைகள் இரண்டு பக்கமும் நெருக்கி மேல் தாடையைக் குறுக்கிவிடும். நாமோ விருந்தாளி முன்னால் பகலில் "கையை எடு!" என்று பத்து தடவை சொல்லிவிட்டு, ராத்திரி பிள்ளை தூங்கியதும் நிம்மதியாக விளக்கை அணைத்துவிடுகிறோம்.

எனவே கவனம் படுக்கையில் இருக்க வேண்டும். ஆழ்ந்து தூங்கியபின் விரலை மெல்ல எடுத்துவிடலாம். பிடித்துக்கொள்ள ஒரு பழைய முந்தானைத் துண்டோ பொம்மையோ கையில் இருக்கட்டும். என் மகள் விஷயத்தில் பலித்தது முழுக்கை இரவுச் சட்டை; அதன் கை நுனியை அவள் கண்முன்னே, அவள் சம்மதத்தோடு தைத்தேன். அந்தச் சம்மதம் முக்கியம். தூக்கத்தில் விரலை நூலால் கட்டுவது, பிளாஸ்திரி சுற்றுவது இரண்டும் வேண்டாம். நூல் ரத்த ஓட்டத்தை நிறுத்தலாம், பிளாஸ்திரி கழன்று தொண்டையில் சிக்கலாம்.

அப்புறம் வேப்பெண்ணெய். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் இதுதான் முதல் ஆயுதம். மரத்திலிருந்து வருவது, தீங்கு செய்யாது என்று நினைக்கிறோம். 1981 இல் மலேசிய மருத்துவர்கள் இருவர் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள்: வேப்பெண்ணெய் உள்ளுக்குக் கொடுக்கப்பட்ட 13 குழந்தைகளுக்கு வாந்தியும் மயக்கமும் வந்து, மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதைப் பற்றியது அது. விரலில் தடவுவதும் வாய் வழியாகக் கொடுப்பதும் ஒன்றல்ல, சரி. ஆனால் நாள் முழுக்க வாய்க்குள்ளேயே இருக்கும் விரலில் திரும்பத் திரும்பத் தடவினால், அது எங்கே போகிறது? மிளகாய்த்தூளில் வேறு ஆபத்து: அந்த விரலாலேயே பிள்ளை கண்ணைக் கசக்கும். இவை போகட்டும், கசப்புக்கு அவ்வளவு பலனும் இல்லை. என் மகள் வேப்பெண்ணெயை இரண்டு நாள் பாவாடையில் துடைத்துவிட்டுச் சூப்பினாள். மூன்றாம் நாள் துடைக்கவும் இல்லை.

திட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "வெக்கமா இல்ல? பாப்பாவா நீ?" என்று நாலு பேர் முன்னால் கேட்பதும், "டாக்டர் ஊசி போட்டுருவாரு" என்பதும் ஒரே ரகம். விரல் வாய்க்குப் போவது பிள்ளைக்குப் பெரும்பாலும் தெரிவதே இல்லை. திட்டினால் மனசு கலங்கும், கலங்கினால் ஆறுதலுக்கு எது வாய்க்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. ஊசி மிரட்டலுக்கு இன்னொரு விலை உண்டு, அடுத்த தடுப்பூசி நாளில் அதைக் கொடுப்பீர்கள்.

நேரம் பார்க்காமல் தொடங்குவதையும் தவிர்க்கலாம். தம்பி பிறந்த வாரம், பள்ளியில் சேர்த்த மாதம், வீடு மாறிய நாட்கள் இதற்கு ஏற்றவை அல்ல. பிடித்திருந்த ஒன்று கைநழுவும்போது பிள்ளை இன்னொன்றை இறுகப் பிடிக்கும். ஒரு வாரம் பேசாமல் கவனியுங்கள்: பசியா, தூக்கமா, சலிப்பா, டிவியா? எங்கள் வீட்டில் இரவு நீங்கலாக எல்லாம் டிவி முன்னால்தான் நடந்தது. அந்த நேரத்துக்கு வெள்ளரிக்காய்த் துண்டுகளோ களிமண்ணோ கையில் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பரிசு தருவதிலும் தப்பு நடக்கும். "ஒரு மாசம் சூப்பாம இருந்தா சைக்கிள்" என்பதில் நாலு வயசுப் பிள்ளைக்கு மாசம் என்றால் என்னவென்றே தெரியாது. காலையில் எழுந்ததும் தினசரி காலண்டரில் ஒட்ட ஒரு நட்சத்திரம் போதும். சூப்பினால் ஒட்டியதைப் பிடுங்கக் கூடாது. அன்றைக்கு ஒட்டாமல் விடுவதே தண்டனைதான். சூப்பத் தோன்றினால் கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை இறுக மூடி இருபது வரை எண்ணச் சொல்லித்தரலாம், இது பிள்ளைகளுக்கு ஒரு ரகசிய விளையாட்டு மாதிரி. பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015 இல் வெளியிட்ட தொகுப்பும், ஊக்குவித்துப் பழக்கத்தை மாற்றும் முறைகளும் மேலண்ணத்தில் பொருத்தும் கம்பிகளும் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடப் பலன் தருவதாகவே காட்டியது, ஆனால் அதில் சேர்ந்த ஆய்வுகள் சிறியவை. கம்பியை வீட்டில் எதுவும் பலிக்காத, பள்ளி போகும் வயதுப் பிள்ளைக்குக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் பிள்ளைக்கு அது எதற்கென்று விளக்கியபின்.

நின்றுவிட்டது என்று நினைத்த இரண்டாம் மாதம் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. அன்று இரவு விரல் மறுபடியும் வாய்க்குப் போனது. "இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீணாப் போச்சே" என்று சொல்ல வந்த நான், நல்லவேளை, வாயை மூடிக்கொண்டேன். காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் காலை, காலண்டரில் நட்சத்திரம் ஒட்ட வேண்டும் என்று அவளே கேட்டாள்.