சிங்காசனக் காட்சியைப் பிரசங்கிக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இளம் பிரசங்கியார்களுக்கான பயிற்சியில் மூன்று பேருக்கு, பரலோகத்தில் தேவனுடைய சிங்காசனத்தை யோவான் காண்கிற பகுதியை, வேதாகமத்தின் கடைசிப் புஸ்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் 4, 5 அதிகாரங்களைக் கொடுத்தோம். மூன்று பேரும் உழைத்துத் தயாரித்திருந்தார்கள். மூன்று பேரும் இருபது வருடங்களுக்கு முன் நான் சறுக்கிய அதே இடத்தில் சறுக்கினார்கள். நேரம் மீறுவது, வசனத்தைத் தடுமாறி வாசிப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை பழகப் பழகச் சரியாகிவிடும்.

தேவனுடைய முகத்தை வர்ணிப்பது

யோவான் வர்ணிக்கவில்லை. வச்சிரக்கல், பதுமராகம், மரகதம் போன்ற வானவில் என்று நிறங்களைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். ஆண்டவரைக் கண்டேன் என்கிற ஏசாயா தீர்க்கதரிசியும் வர்ணிப்பது வஸ்திரத் தொங்கலைத்தான். அதுவே தேவாலயத்தை நிறைத்துவிட்டது. அங்கே நிற்கிற சேராபீன் தூதர்களே ஆறு செட்டைகளில் இரண்டால் முகத்தை மூடிக்கொள்கிறார்கள். அவர்கள் மூடிக்கொண்ட இடத்தில் நாம் வெள்ளைத் தாடியும் கனிந்த கண்களும் வரையக் கூடாது.

இருபத்துநான்கு மூப்பர்கள் யார் என்று ஆராய்வது

வேதம் சொல்லவில்லை. சிங்காசனத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற அவர்கள் கிரீடத்தைக் கழற்றி வைக்கிறார்கள் என்று சொல்கிறது, அதைப் பிரசங்கியுங்கள்.

சிங்கத்தோடு நிறுத்திவிடுவது

இதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்காது.

ஏழு முத்திரை போட்ட புஸ்தகத்தைத் திறக்க வானத்திலும் பூமியிலும் ஆளில்லை. யோவான் மிகவும் அழுகிறார். மூப்பர்களில் ஒருவர், அழவேண்டாம், யூதா கோத்திரத்துச் சிங்கம் ஜெயங்கொண்டிருக்கிறார் என்கிறார். இந்த வார்த்தை வந்ததும் பிரசங்கியாரின் குரல் ஏறிவிடும், சபையும் கை தட்டும். கெர்ச்சிக்கிற சிங்கம், உன் சத்துருவைக் கிழிக்கிற சிங்கம் என்று அரை மணி நேரம் ஓடும். அப்புறம் ஜெபம்.

ஆனால் சிங்கத்தைப் பற்றி யோவான் காதால் கேட்டதோடு சரி. பார்த்தபோது சிங்காசனத்தின் மத்தியில் அவர் கண்டது ‘அடிக்கப்பட்டவண்ணமாய்’ நிற்கிற ஓர் ஆட்டுக்குட்டியை. இந்தப் புஸ்தகம் முழுவதிலும் இயேசுவுக்குச் சிங்கம் என்ற பேர் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. ஆட்டுக்குட்டி என்ற பேர், கிரேக்க மூலத்தில் எண்ணினால், 28 தடவை.

‘அடிக்கப்பட்ட’ என்பதையும் கவனியுங்கள். பயிற்சியில் ஒரு தம்பி அதை அடி வாங்கியது என்று எடுத்துக்கொண்டு சாட்டையைப் பற்றியே பேசிக்கொண்டு போனார். கறிக்கடையில் ‘இன்னைக்கு எத்தனை ஆடு அடிச்சீங்க?’ என்று கேட்கிறோமே, இது அந்த அடி. கிரேக்கத்திலும் பலிக்காக அறுப்பதற்கு வழங்குகிற சொல்தான். அடித்த ஆடு விழுந்து கிடக்கும். இது நிற்கிறது. சிலுவையும் உயிர்த்தெழுதலும் அந்த ஒரு வரியில் இருக்கின்றன. புதிய பாட்டு எழும்புவதும் இதற்குப் பிறகுதான். 4-ம் அதிகாரப் பாட்டுக்குக் காரணம், தேவன் எல்லாவற்றையும் சிருஷ்டித்தார் என்பது. 5-ம் அதிகாரப் பாட்டுக்குக் காரணம், ‘நீர் அடிக்கப்பட்டீர்’ என்பது. சிங்கத்தோடு முடித்தால் அந்தப் பாட்டுக்கே காரணம் இல்லாமல் போகிறது.

நான் முதல்முறை இதைப் பிரசங்கித்தபோது சிங்கத்தோடுதான் முடித்தேன். ஆராதனை முடிந்து வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அந்த வருடம் மகனை அடக்கம் செய்திருந்த ஓர் அம்மா வந்தார். வேதாகமத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். விரல் இன்னும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே இருந்தது. “தம்பி, யோவான் அழுதார்னு வாசிச்சீங்க. அப்புறம் அதைப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே” என்றார். குற்றம் சொல்லவில்லை, கேட்டார். சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அழுகையைத் தாண்டிக் குதித்துச் சிங்கத்திடம் போயிருந்தேன். காயத்தோடு நிற்கிறவரை அவருக்குக் காட்டாமலே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவர் இப்போது உயிரோடு இல்லை. அதனால்தான் இந்த ஒன்றை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

பூமியை மறந்துவிடுவது

பரலோகக் காட்சி என்பதால் ஒரேயடியாக மேலே போய்விடுகிறார்கள். யோவான் இதைக் கண்டது பத்மு தீவில், உபத்திரவத்துக்கு உடன்பங்காளனாக. முதலில் வாசிக்கக் கேட்டவர்கள், இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த ஏழு சபையார். அவற்றில் ஒன்றான பெர்கமுவில் அந்திப்பா என்ற விசுவாசி கொல்லப்பட்டாயிற்று. சிமிர்னாவில் சிறை காத்திருக்கிறது. இந்தத் தரிசனம் ரோமப் பேரரசன் தொமித்தியன் ஆட்சியின் (கி.பி. 81–96) முடிவில் கிடைத்தது என்று இரண்டாம் நூற்றாண்டுச் சபைத் தலைவர் இரேனியு சொல்கிறார். அந்தப் பேரரசன் தன்னை ‘ஆண்டவரும் தேவனும்’ என்று அழைக்க வைத்ததாக ரோம வரலாற்றாசிரியர் சுவெத்தோனியு எழுதியிருக்கிறார். 4:11-ஐக் கிரேக்கத்தில் பார்த்தால் மூப்பர்கள் ‘எங்கள் ஆண்டவரும் தேவனுமானவரே’ என்றுதான் அழைக்கிறார்கள். அந்தச் சபைகளில் அதைச் சத்தமாக வாசித்தவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்!

அந்தத் துணிச்சலுக்கு வேண்டியது 5:8-ல் இருக்கிறது. மூப்பர்கள் பிடித்திருக்கிற பொற்கலசங்களில் இருக்கும் தூபவர்க்கம் பரிசுத்தவான்களின் ஜெபங்கள். சிமிர்னாவில் கதவைச் சாத்திக்கொண்டு முணுமுணுத்த ஜெபமும் அந்தக் கலசத்தில் உண்டு. பயிற்சியில் மூன்று பேரில் ஒருவர்கூட இந்த வசனத்தில் நிற்கவில்லை.

ஆமெனுக்குப் பிறகு கதை சொல்வது

5:14-ல் சிங்காசனத்தைச் சுற்றியிருக்கிற நான்கு ஜீவன்களும் ‘ஆமென்’ என்கின்றன, மூப்பர்கள் விழுந்து பணிகிறார்கள். ஒலிவாங்கியை வைத்துவிடுங்கள்.