எச்.ஓ.ஏ. தேர்தல்: கலிஃபோர்னியாவில் வீடு வாங்கிய நாம் செய்யும் தவறுகள்

ஃப்ரீமான்ட், சான் ஹோசே பக்கம் டவுன்ஹவுஸோ காண்டோவோ வாங்கிய நம் ஆட்களில் பலருக்கு எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) என்றால் மாதாமாதம் கணக்கிலிருந்து போகும் பணம், அவ்வளவுதான். தேர்தல் கவர் வந்தால் விளம்பரக் காகிதங்களோடு சேர்ந்து ரீசைக்கிள் தொட்டிக்குப் போய்விடுகிறது. ஓட்டுப் போட்டுத் திருப்பி அனுப்புகிறவர்களும் சரியாக அனுப்புவதில்லை.

எங்கள் குடியிருப்பில் ஒருமுறை ஓட்டு எண்ணும்போது போய் உட்கார்ந்து பார்த்தேன். உறுப்பினர் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தேர்தல் ஆய்வாளர் ஒன்பது கவர்களைப் பிரிக்காமலேயே தனியே எடுத்து வைத்தார். ஒன்பதிலும் வெளியே கையெழுத்து இல்லை. சங்கத்தை நடத்தும் குழுவான போர்டில் கடைசி இடத்துக்கான போட்டி முடிவானது ஐந்து ஓட்டு வித்தியாசத்தில். மனசு ஆறவே இல்லை.

அதனால் கவரிலிருந்தே தொடங்குகிறேன். உள்ளே இருக்கும் ஓட்டுச் சீட்டில் கையெழுத்துப் போடக் கூடாது. சீட்டை உள் கவரில் வைத்து ஒட்டுங்கள். அதை வெளிக் கவருக்குள் போட்டு ஒட்டி, இடது மேல் மூலையில் பெயர், வீட்டு முகவரி, கையெழுத்து மூன்றையும் போடுங்கள். வெளிக் கவரை வைத்துத்தான் ஓட்டுப் போட்டது யார் என்று சரிபார்ப்பார்கள். யாருக்குப் போட்டீர்கள் என்பது உள் கவருக்குள் ரகசியமாக இருக்கும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆய்வாளர் கைக்குப் போனபின் ஓட்டை மாற்ற முடியாது, ஆனால் யோசிக்க நேரம் உண்டு: கடைசித் தேதிக்குக் குறைந்தது 30 நாள் முன்பே சீட்டு வந்துவிட வேண்டும். 2025 முதல், சங்கம் தன் தேர்தல் விதிகளில் சேர்த்துக்கொண்டால் போர்டு தேர்தலில் இணையம் வழியாகவும் ஓட்டுப் போடலாம். காகிதச் சீட்டுதான் வேண்டும் என்பவர்களுக்கு அந்த வழியும் இருக்க வேண்டும்.

அடுத்து, யாருக்கு ஓட்டுரிமை? பெரும்பாலான சங்கங்களில் வீட்டுக்கு ஒரு ஓட்டு. கணவன், மனைவி இருவர் பெயரும் பத்திரத்தில் இருந்தாலும் ஒன்றுதான். வாடகைக்கு இருப்பவருக்கோ, கூடத் தங்கியிருக்கும் அப்பா அம்மாவுக்கோ கிடையாது. ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நீங்கள் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் உங்களுக்காக ஓட்டுப் போட்டால் சங்கம் அதை எண்ணித்தான் ஆக வேண்டும்.

“பாக்கி வைத்திருக்கிறாய், உனக்கு ஓட்டு இல்லை” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2020 முதல், உறுப்பினர் என்றால் சீட்டு கொடுத்தே தீர வேண்டும். போட்டியிடுவது வேறு விஷயம். சங்கக் கட்டணம் பாக்கி இருந்தால் வேட்புமனுவைத் தள்ளலாம். அபராதம் கட்டவில்லை என்பதற்காகத் தள்ள முடியாது.

நான் ஒருத்தன் போடாவிட்டால் என்ன என்பவர்களுக்கு: கோரம் (தேர்தல் செல்லத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) சேராவிட்டால் தேர்தல் தள்ளிப்போகும், பழைய போர்டே தொடரும். 2024 முதல், அப்படித் தள்ளிப்போன போர்டு தேர்தலுக்கு, குறைந்தது 20 நாள் கழித்துக் கூடும் கூட்டத்தில் 20 சதவீதம் பேர் இருந்தாலே போதும். நூறு வீட்டில் இருபது கவர் வந்தால் தேர்தல் செல்லும்.

சரி, போர்டில் இருப்பவர்களுக்கு வருவோம். நம் ஆட்கள் இப்போது நிறையப் பேர் போர்டில் இருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் அலுவலகப் பழக்கத்தில் வேலையை வேகமாக முடிக்கப் பார்க்கிறார்கள். வாட்ஸ்அப்பில் மூன்று பேர் கட்டைவிரல் போட்டால் அது தீர்மானம் ஆகாது. மின்னஞ்சலில் பேசி முடிப்பதும் அப்படித்தான், அவசரநிலையில் எல்லா போர்டு உறுப்பினர்களும் எழுத்தில் சம்மதித்தால் தவிர. சாதாரணக் கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பே, என்ன பேசப்போகிறார்கள் என்பதோடு அறிவிப்பு வர வேண்டும். உரிமையாளர்கள் வந்து உட்காரலாம், பேசலாம். வர முடியாத போர்டு உறுப்பினர் தன் ஓட்டை இன்னொருவரிடம் கொடுத்தனுப்ப முடியாது. தன் வீட்டில் தான் செய்ய நினைக்கும் மாற்றத்துக்கு அனுமதி, தன் மேல் வந்த புகார், இவற்றில் ஓட்டுப் போடவும் கூடாது.

பணத்தில் போர்டுக்கு எல்லை உண்டு என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. மாதக் கட்டணத்தைப் போன வருடத்தைவிட 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றவோ, அந்த வருடச் செலவுத் திட்டத்தில் 5 சதவீதத்துக்கு மேல் சிறப்புக் கட்டணம் போடவோ உரிமையாளர்களின் ஓட்டு வேண்டும். ஆண்டுச் செலவு 4 லட்சம் டாலர் என்றால், மொத்தம் 20,000 டாலருக்கு மேல் சிறப்புக் கட்டணம் வசூலிக்க உங்களைக் கேட்க வேண்டும். நீதிமன்ற உத்தரவு, உயிருக்கு ஆபத்தான பழுது போன்ற அவசரங்களுக்கு மட்டும் விலக்கு. “போர்டு முடிவு பண்ணியாச்சு” என்று கடிதம் வந்தால் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்து சதவீத உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் கேட்டால் சிறப்புக் கூட்டம் கூட்டியாக வேண்டும். தேர்தலில் முறைகேடு என்றால் நீதிமன்றம் போக ஒரு வருட அவகாசம் இருக்கிறது.

அப்புறம், சீட்டு வருவதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர், முகவரி சரியா என்று கேட்டுப் பாருங்கள். சீட்டு அனுப்புவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பே அதைக் காட்ட வேண்டும். எங்கள் பட்டியலில் பக்கத்து வீட்டுக்கு, வீட்டை விற்றுவிட்டுப் போனவரின் பெயரே இரண்டு வருடமாக இருந்தது. வாங்கியவர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். இரண்டாவது வேலை நாளில் பெயரை மாற்றிவிட்டார்கள்.