கிளிக் சத்தம் கேட்டதும் கையை எடுங்கள்: நெடும்பயண மைலேஜ் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், நான் வழக்கமாக எண்ணெய் ஊற்றும் பெட்ரோல் நிலையத்தில் பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) தம்பி ஒருவரைப் பார்த்தேன். இருபத்து நான்கு வயது இருக்கும். கைமாறி வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றைப் புதிதாக வாங்கியிருக்கிறார். பம்ப் ‘கிளிக்’ என்று நின்றது. அவர் விடவில்லை. மறுபடி அழுத்தினார். மறுபடி கிளிக். இடுப்பால் காரை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றினார். குழாய் வாயில் பெட்ரோல் மினுங்குவது தெரியும் வரை நிறுத்தவே இல்லை.

“ஏன் தம்பி இவ்வளவு நிரப்புறீங்க?” என்று கேட்டேன்.

“நாளைக்கு ஜொகூர் பாரு போறேன் அண்ணே. இந்தத் தடவை மைலேஜைச் சரியா எடுத்துப் பார்க்கணும். ஃபுல் டேங்க்னா வாய் வரைக்கும் ஊத்தணும் இல்லையா?”

எனக்குப் பதறிவிட்டது. 2017-இல் இதே ஊரில், இதே ஜொகூர் பயணத்துக்கு முன், நானும் இப்படித்தான் காரை ஆட்டி ஆட்டி நிரப்பினேன். அதற்கு நான் கொடுத்த விலையை யாரும் கொடுக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டேங்க்கை நிரப்பி, ஓடி, மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுப்பதுதான் மைலேஜ் கணக்கு. பயணத் தூரம் காட்டும் டிரிப் மீட்டரைச் சைபராக்க மறப்பது, ரசீதைத் தொலைப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு முறை செய்தால் தானாகத் திருந்திவிடும் தவறுகள் அவை. ஒன்று மட்டும்: ரசீதைக் காருக்குள் போட்டு வைத்தால் நம் ஊர் வெயிலில் ஒரே வாரத்தில் எழுத்து வெளுத்துவிடும். வாங்கியவுடன் படம் எடுத்து வையுங்கள்.

வெள்ளி (ரிங்கிட்) கணக்கில் எழுதுவது

“ஐம்பது வெள்ளி எண்ணெய்க்கு இவ்வளவு தூரம் போச்சு” என்பது நம் ஆட்கள் வாயில் சாதாரணமாக வரும் பேச்சு. சாதாரண ரகப் பெட்ரோலான ரோன்95 லிட்டர் 2.05 ரிங்கிட்டாக இருந்தபோது ஐம்பது வெள்ளிக்கு 24.4 லிட்டர் வந்தது. 2025 செப்டம்பர் 30 முதல் அரசாங்கத்தின் பூடி95 உதவித்தொகைத் திட்டத்தில் 1.99 ஆனதும் அதே ஐம்பதுக்கு 25.1 லிட்டர். ரோன்97 குடிக்கும் கார் என்றால் விலை வாரா வாரம் மாறும். லிட்டரை எழுதுங்கள். ரசீதில் இரண்டு தசமம் வரை இருக்கிறது.

கிளிக்குக்கு மேல் ஊற்றுவது

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

என்னுடையது 2013 டொயோட்டா 86. டேங்க் 50 லிட்டர். உறவினர் கல்யாணத்துக்கு ஜொகூர் பாரு போகும் முன், வாய் வரைக்கும் நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். அங்கே போய்ச் சேர்ந்தபோது 560 கிலோமீட்டர். பின்னால் நீண்ட வரிசை நின்றதால் அங்கே காரை ஆட்ட முடியவில்லை. முதல் கிளிக்கிலேயே நிறுத்திவிட்டேன். 40 லிட்டர். அதாவது லிட்டருக்கு 14 கிலோமீட்டர். கல்யாண வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன்.

திரும்பி வந்ததும் அதே 560 கிலோமீட்டர். ஊரில் மறுபடி ஆட்டி ஆட்டி நிரப்பினேன். 46 லிட்டர். கணக்குப் போட்டால் 12.2.

ஒரே கார், ஒரே சாலை, ஏறக்குறைய ஒரே வேகம். இரண்டு நாளில் 14 எப்படி 12.2 ஆகும்? எதிர்க்காற்று என்று நினைத்தேன். ஜொகூரில் ஊற்றிய எண்ணெய் சரியில்லை என்று நினைத்தேன். பிறகு இன்ஜினில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, ஸ்பார்க் பிளக் நான்கையும் மாற்றினேன். 86-இல் இருப்பது பாக்ஸர் இன்ஜின். பிளக்குகள் மேலே இருக்காது. இரண்டு பக்கமும் காரின் சட்டத்தை ஒட்டி ஒளிந்திருக்கும். கை நுழையவே இடமில்லை. பிளக் விலையைவிடக் கூலிதான் அதிகம். கழற்றிய பழைய பிளக்குகளில் ஒரு குறையும் இல்லை.

உண்மையில் நடந்தது இதுதான். புறப்படும்போது கிளிக்குக்கு மேல் மூன்று லிட்டர் கூடுதலாக ஏற்றியிருந்தேன். ஜொகூரில் கிளிக்கில் நிறுத்தியதால் அந்த மூன்று லிட்டர் கணக்கில் வராமல் போனது. ஊரில் மறுபடி வாய் வரை ஊற்றியபோது அதே மூன்று லிட்டர் திரும்பக் கணக்கில் ஏறியது. போக 43, வர 43, இரண்டு பக்கமும் 13-தான். 1,120 கிலோமீட்டரை 86 லிட்டரால் வகுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பிளக் செலவோடு போயிருந்தால் பரவாயில்லை. நான் அந்தப் பழக்கத்தை விடவில்லை. சில மாதங்களில் எண்ணெய் ஊற்றி முடித்த கையோடு கார் உடனே ஸ்டார்ட் ஆகாமல் இழுக்க ஆரம்பித்தது. பின்பக்கம் பெட்ரோல் வாசம் வந்தது. அப்புறம் ஒரு நாள் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஈப்போவில் ஒரு பட்டறைக்காரர் காரைத் தூக்கி, டேங்க்கோடு இணைந்த கரிப்பெட்டியைக் கழற்றி, அலுமினியத் தட்டில் சாய்த்தார். அரை கோப்பை அளவுக்குப் பெட்ரோல் கொட்டியது. கரித்தூளும் கூடவே வந்தது. “இதுக்குள்ள ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது” என்றார். பெட்டி, வால்வு, கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு வெள்ளி.

அவர் அன்று விளக்கியதைச் சொல்கிறேன். டேங்க்கில் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவி வெளியே போகாமல் இருக்க ஒரு பெட்டியில் கரித்துண்டுகளை நிரப்பி வைத்திருப்பார்கள். கரி ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்ஜின் ஓடும்போது ஒரு வால்வு திறந்து அந்த ஆவியை உள்ளே இழுத்து எரித்துவிடும். பெட்டி ஆவிக்கானது, திரவத்துக்கானது இல்லை. கிளிக் வந்தபோது டேங்க்கின் மேல்பகுதியில் கொஞ்சம் இடம் காலியாகத்தான் இருக்கும். அது வேண்டுமென்றே விட்ட இடம். நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வரும் பெட்ரோல், வெயிலில் நிற்கும் காருக்குள் சூடாகி விரியும். நாற்பத்தேழு லிட்டர் பத்து டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட அரை லிட்டர் கூடும். அந்த இடத்தையும் நாம் அடைத்துவிட்டால் மிச்சம் ஆவிக்குழாய் வழியாகக் கரிப்பெட்டிக்குள் போய் இறங்கும். நனைந்த கரி வேலைக்கு ஆகாது.

மைலேஜ் எடுக்கிறேன் என்று ஊற்றிய பெட்ரோலில் ஒரு பங்கு இன்ஜினுக்கே போகாமல் பெட்டிக்குள் போயிருக்கிறது. அதையும் நான் “கார் குடித்த எண்ணெய்” என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். பால் நிறுக்கும் இடத்துக்குச் சின்ன வயதில் அவரோடு போயிருக்கிறேன். வாளி விளிம்பு வரை நிறைந்திருக்கிறதா என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி பார்க்கவே மாட்டார். வெறும் வாளியின் எடையைக் கழித்துவிட்டு மிச்சத்தை எழுதுவார். மைலேஜ் கணக்கும் இதேதான். டேங்க் எவ்வளவு நிறைந்தது என்பதால் ஒன்றும் இல்லை. தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். வாய் விளிம்பைவிட முதல் கிளிக் அதற்கு நல்ல அடையாளம். பம்ப் கைப்பிடியின் நுனியில் ஒரு சிறு துளை இருக்கிறது. பெட்ரோல் அதை மூடியதும் காற்று நின்று, உள்ளே இருக்கும் சவ்வு இழுபட்டுப் பம்ப் தானாக நிற்கும். கைப்பிடியை ஒரே ஆழத்தில் செருகி, ஒரே மெதுவான வேகத்தில் ஊற்றினால் அது நிற்கும் இடமும் பெரிதாக மாறாது.

அதனால் என் முறை இப்போது இப்படி இருக்கிறது. புறப்படும் அன்று விடியற்காலை, எங்கள் ஊர் நிலையத்தில் மூன்றாம் எண் பம்ப், மெதுவான பிடி, முதல் கிளிக், கையை எடுத்துவிடுவேன். திரும்பி வந்ததும் அதே பம்ப், அதே பிடி. நடுவில் நெடுஞ்சாலை ஓய்விடங்களான தாப்பாவில் ஊற்றினாலும் பாகோவில் ஊற்றினாலும் நிரப்ப வேண்டிய அவசியமே இல்லை. இருபது லிட்டர் போதும் என்றால் இருபதுதான். லிட்டரை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் சரி. கணக்கைத் தாங்கி நிற்பது முதல் நிரப்பும் கடைசி நிரப்பும் மட்டும்தான். பலருக்குப் புரியாத இடம் இது. ஒவ்வொரு ஓய்விடத்திலும் காரை ஆட்டி நிரப்புகிறார்கள்.

கிளிக் ஒரு லிட்டர் முன்பின் ஆனாலும் கவலை இல்லை. 35 லிட்டரில் ஒரு லிட்டர் பிசகினால் மூன்று விழுக்காடு. பயணம் முழுக்க 180 லிட்டர் ஆகியிருந்தால் அதே பிசகு அரை விழுக்காடுதான்.

சராசரிகளுக்குச் சராசரி எடுப்பது

நெடுஞ்சாலையில் 238 கிலோமீட்டருக்கு 17 லிட்டர், அதாவது 14. கோலாலம்பூர் நெரிசலில் 60 கிலோமீட்டருக்கு 10 லிட்டர், அதாவது 6. பதினான்கையும் ஆறையும் கூட்டி இரண்டால் வகுத்து “என் கார் 10 தருது” என்கிறார்கள். மொத்தம் 298 கிலோமீட்டர், 27 லிட்டர். விடை 11. மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுப்பது தவிர வேறு வழி கிடையாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 14-ஐ 16 ஆக்கினேன் என்று பெருமைப்படுபவர்கள் உண்டு. நூறு கிலோமீட்டருக்கு அதில் மிச்சமாவது 0.9 லிட்டர். பட்டணத்து ஓட்டத்தில் 6-ஐ 7 ஆக்கினால் மிச்சமாவது 2.4 லிட்டர். நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுதிப் பழகினால் இது கண்ணில் படும்.

டேஷ்போர்டு எண்ணை நோட்டில் எழுதுவது

காரின் கணினி டேங்க்கை அளப்பதில்லை. இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்து மதிப்பிடுகிறது. என் காரில் அது 13.6 காட்டும்போது உண்மை 12.9 சுற்றி இருக்கும். வேகத்தை மாற்றினால் செலவு கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க அது நல்ல கருவிதான். கணக்குக்கு ரசீது வேண்டும்.

டயர் மாற்றியதை மறப்பது

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியதும் முதலில் கை வைப்பது ரிம்மில். 86-க்கு வந்த டயர் 215/45 ஆர்17. அதன் விட்டம் ஏறக்குறைய 625 மில்லிமீட்டர். அதை எடுத்துவிட்டு 225/40 ஆர்18 போட்டால் விட்டம் 637. சக்கரம் ஒரு சுற்றுக்குக் கூடுதலாக ஓடும், மீட்டருக்கு அது தெரியாது. மீட்டர் 500 என்று காட்டும்போது நீங்கள் கிட்டத்தட்ட 510 ஓடியிருப்பீர்கள். “பெரிய ரிம் போட்டதும் மைலேஜ் விழுந்துடுச்சு” என்ற புலம்பலில் இரண்டு விழுக்காடு இந்தக் கணக்குப் பிழைதான். நெடுஞ்சாலை ஓரத்தில் உள்ள கிலோமீட்டர் பலகைகளை வைத்து ஒரு ஐம்பது கிலோமீட்டர் ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மலை ஏறி அங்கேயே கணக்கை முடிப்பது

சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறி, பிரிஞ்சாங்கில் நின்று “எட்டுதான் தருது” என்று ஒருவர் வருத்தப்பட்டார். ஆளோடு சேர்த்து 1,400 கிலோ எடையை ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்துக்குத் தூக்கியிருக்கிறார். தூக்குவதற்கு மட்டுமே சுமார் இரண்டு லிட்டர் ஆகியிருக்கும். இறங்கி வந்து, புறப்பட்ட இடத்தில்தான் கணக்கை முடிக்க வேண்டும்.

இறக்கத்தில் நியூட்ரல் போடுவது

கூடவே கூடாது. கியரில் இறங்கினால் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில் இன்ஜின் ஓட எண்ணெய் போகும், பிரேக்கும் சூடேறும்.

வேகத்தை எழுதாமல் விடுவது

90-இல் போனதையும் 110-இல் போனதையும் ஒப்பிடாதீர்கள். காற்றின் தடை 110-இல் ஒன்றரை மடங்கு.

ரோன்97 ஊற்றினால் தூரம் கூடும் என்று நம்புவது

ரோன் எண் குறிக்கும் ஆக்டேன் என்பது இன்ஜின் தட்டாமல் இருப்பதற்கான அளவு. சக்தியின் அளவு இல்லை. கார் கையேடு என்ன கேட்கிறதோ அதை ஊற்றுங்கள்.

எண்ணெய் குறைவு விளக்கு எரிந்தபின்னும் ஓட்டிப் பார்ப்பது

பெட்ரோல் பம்ப்பைக் குளிர்விப்பது அதைச் சுற்றி இருக்கும் பெட்ரோல்தான். டேங்க்கின் கொள்ளளவைக் கண்டுபிடிக்க இது வழியில்லை.

அந்தத் தம்பி அன்றைக்கே நிரப்பி முடித்துவிட்டார். ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் கணக்கை ஊரிலிருந்து தொடங்காமல், தாப்பா ஓய்விடத்தில் முதல் கிளிக் வரை ஊற்றி, அங்கே டிரிப் மீட்டரைச் சைபராக்கச் சொன்னேன். திரும்பி வந்த ஞாயிறு இரவு, எங்கள் ஊர் மூன்றாம் பம்ப்பில் முடித்தார். 1,096 கிலோமீட்டர், 74.3 லிட்டர். ரசீதுப் படங்களை அனுப்பிவிட்டு, “14.75 அண்ணே” என்றார். தொடங்கிய பம்ப் வேறு, முடித்த பம்ப் வேறு, ஒரு லிட்டர் முன்பின் இருக்கும், அதனால் 14.6-க்கும் 15-க்கும் நடுவில் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். காருக்குப் பின்னால் எண்ணெய் வாசம் வருகிறதா என்றும் கேட்டேன். இதுவரை இல்லை என்றார்.