சாமியறைப் பழைய படத்தின் பூர்வீகம் தேடுவது எப்படி?

கேள்வி கேட்கப் போகுமுன் படத்தையே நன்றாகப் பாருங்கள். சுவரிலிருந்து இறக்கி, பகல் வெளிச்சத்தில் மேசையில் கிடத்தி, பத்து மடங்கு உருப்பெருக்கியால் முகத்தையும் சேலைக் கரையையும் பாருங்கள். நிறப்புள்ளிகள் ஒழுங்கில்லாமல், கையால் தெளித்ததுபோல் இருந்தால் அது கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து அச்சடிக்கும் பழைய முறை. ஒரே அளவான இடைவெளியில் வரிசையாக நின்றால் பிற்கால ஆப்செட் அச்சு. மேலே வார்னிஷ் பூசிய கல்லச்சுப் படங்களைத் தைல ஓவியம் என்று நினைப்பவர்கள் பலர். மூலையில் தெய்வப் படங்களால் பேர்பெற்ற ஓவியர் ரவிவர்மாவின் கையொப்பம் இருந்தால், அதுவும் படத்தோடு சேர்த்து அச்சடித்ததுதான்.

அச்சகப் பெயர் அநேகமாகக் கீழ் ஓரத்தில், பிறேம் விளிம்புக்குள் மறைந்திருக்கும். ரவிவர்மா அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கி, 1899இல் லோனாவாலாவுக்கு அருகிலுள்ள மளவலிக்கு மாறியது. மளவலி என்று இருந்தால் படம் அதற்கு முந்தியதல்ல. ஓவியர் 1906இல் இறந்த பிறகும் அச்சகம் நடந்தது; ஆகவே அவர் பெயரை மட்டும் வைத்து வருடம் சொல்லக்கூடாது. பிறேம் போட்டவர் அந்த ஓரத்தை வெட்டிவிட்டிருந்தால் பெயரும் போய்விட்டது. அப்போது பின்பக்கம்தான் துணை. பலகைக்கும் படத்துக்கும் நடுவே பழைய பத்திரிகைத் தாள் வைப்பது வழக்கம். அதிலுள்ள திகதி, பிறேம் அதற்கு முன் போடப்படவில்லை என்பதை மட்டுமே சொல்லும். படம் அதைவிட எவ்வளவோ பழையதாக இருக்கலாம். கடை லேபல் இருந்தால் கிழிக்காமல் புகைப்படம் எடுங்கள்.

கடற்காற்றும் வாவி ஈரமும் உள்ள ஊர்களில் வார்னிஷ் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிவிடும். ஒட்டியதை இழுக்காதீர்கள், நிறம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடிக்கு மேலாகவே, போனுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்து, சற்றுச் சரிவாக நின்று புகைப்படம் எடுங்கள். சந்தனம், குங்குமக் கறைகளையும் துடைக்க வேண்டாம். பூசை நடந்த படமா, மண்டபத்துக்கு அழகாக மாட்டிய படமா என்பதற்கு அவையே சாட்சி.

இனி ஆட்கள். பலர் அப்பாவின் பக்கத்தில் கேட்கத் தொடங்கி வழி தவறுகிறார்கள். நம் கிழக்கிலங்கைப் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார், சுவரில் மாட்டிய படம் வீட்டோடு நிற்கும். ஆகவே அம்மா, அம்மம்மா, அவரின் அக்கா தங்கை என்று தாய்வழியில் ஏறுங்கள். பெரியம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் வேறு வீடு கட்டிக் கொடுத்தபோது சோடிப்படங்கள் பிரிந்திருக்கும்: லட்சுமி ஒரு வீட்டில், சரஸ்வதி இன்னொரு வீட்டில்.

“எந்த வருசம் வாங்கினது?” என்று கேட்டால் கிடைப்பது ஊகம்தான். “1978 சூறாவளிக்கு முன்னம் இது எந்தச் சுவரில இருந்தது, மாமி? கூரை போன நேரம் ஆர் இறக்கினது?” என்று கேளுங்கள். 1957 வெள்ளம், 1990 இடப்பெயர்வு, 2004 சுனாமி ஆகியவையும் இப்படி உதவும். ஆனால் அந்தக் காலங்களில் ஆளை இழந்த வீடுகள் பல. கதை அந்தப் பக்கம் திரும்பினால் படத்தை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள். ஒவ்வொருவரையும் தனியே கேளுங்கள். மூத்தவர் சொன்னதை மற்றவர்கள் மறுக்கமாட்டார்கள். கண்டதா, கேள்விப்பட்டதா என்பதைப் பெயரோடும் திகதியோடும் எழுதுங்கள். சாமத்திய வீடு, கலியாண அல்பங்களையும் புரட்டுங்கள். ஆட்களுக்குப் பின்னால் சுவரில் அந்தப் படம் தெரியும். எந்த ஞாபகத்தையும் விட இது உறுதியானது.

அறிமுகமில்லாதவர்களிடம் போகும்போது நான்கு புகைப்படம் போதும்: முழுப்படம், கீழ் ஓரம், பின்பக்கம், அடிமட்டம் (அளவுகோல்) வைத்து எடுத்த அண்மைக்காட்சி. பழைய பிறேம் கடைக்காரர், கோயில் பரிபாலன சபையார், முகநூல் சேகரிப்பாளர்கள் எல்லோருக்கும் இதையே காட்டுங்கள். விலை கேட்காதீர்கள்; விலை கேட்டால் வியாபாரிகள்தான் வருவார்கள். வீடு எங்கே என்றும் போடவேண்டாம். விற்பனைத் தளங்களிலுள்ள வருடங்களை நம்பவேண்டாம், ஒரே வருடத்தை ஒருவர் பார்த்து ஒருவர் எழுதியிருப்பார்கள். ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்திலுள்ள பழைய சிறப்பு மலர்களில் கடை விளம்பரங்களைத் தேடி, லேபலோடு ஒப்பிடலாம்.

கிடைத்ததைத் தனித்தாளில் பென்சிலால் எழுதிக் கடிதஉறையில் வைத்துப் பின்பலகையில் இணையுங்கள். படத்தின் முதுகில் குமிழ்முனைப் பேனாவால் எழுதினால் மை முன்பக்கம் ஊறும். மறுபடி பிறேம் போட்டால், கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே மூன்று மில்லிமீற்றர் இடைவெளி விடச் சொல்லுங்கள்.