லூசியா திருநாள்: படத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்

புனித லூசியாவின் திருநாளான டிசம்பர் 13 நெருங்கினால் வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றத் தொடங்கும். வெள்ளை அங்கி, இடுப்பில் சிவப்புப் பட்டை, தலையில் மெழுகுவர்த்திக் கிரீடம். கீழே ‘புனித லூசியா’ என்று எழுதியிருப்பார்கள். படத்தில் நிற்பது யாரோ ஒரு ஸ்வீடன் பள்ளி மாணவி. புனித லூசியா இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள சிரகூசா ஊர்க்காரர். ரோமப் பேரரசன் தியோக்ளேசியன் காலத்தில் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய வேதகலாபனையில், கி.பி. 304 வாக்கில் கொல்லப்பட்ட மறைசாட்சி. கொழும்புக் கொட்டாஞ்சேனைப் பேராலயத்துக்கும் இவர் பெயர்தான்.

வெள்ளை அங்கியும் மெழுகுவர்த்திக் கிரீடமும் அணிந்து ஊர்வலம் போகும் ஸ்வீடன் வழக்கத்தை இவர் காலத்தோடு ஒட்டவைப்பதுதான் முதல் தவறு, மற்ற பிழைகள் பலவும் அதிலிருந்தே வருகின்றன. வெள்ளுடை லூசியாவைப் பற்றி ஸ்வீடனில் கிடைக்கும் முதல் குறிப்பே 1764ஆம் ஆண்டினது. 1927இல் ஸ்டாக்ஹோம் பத்திரிகை ஒன்று லூசியாவாக வேடமிடும் பெண்ணைத் தேர்ந்தெடுக்கப் போட்டி வைத்தது. அதன்பின் ஊருக்கு ஊர் அது பரவியது. லூத்தரன் மரபில் ஊறிய அந்த நாட்டில் நாம் நினைப்பது போல நவநாளும் இல்லை, தேர்பவனியும் இல்லை. ஊர்வலத்தில் பாடும் லூசியா பாட்டின் மெட்டுகூட இத்தாலியின் நேப்பிள்ஸ் கடற்கரையில் படகுச் சவாரிக்கு அழைக்கும் பாட்டினுடையது!

டிசம்பர் 13ஐ ‘ஆண்டின் மிக நீண்ட இரவு’ என்று எழுதுவது அடுத்த பிழை. இன்று அது டிசம்பர் 21 அல்லது 22. ஆனாலும் ஸ்வீடன் கிராமத்துப் பாட்டிகள் சொன்னது பொய்யில்லை. பழைய ஜூலியன் நாட்காட்டி சூரியனோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகிக்கொண்டே வந்ததால், 14ஆம் நூற்றாண்டில் நீண்ட இரவு டிசம்பர் 13ஐ ஒட்டித்தான் விழுந்தது. ஸ்வீடன் 1753இல் பிப்ரவரி 17க்கு மறுநாளை மார்ச் 1 ஆக்கி நாட்காட்டியைச் சரிசெய்தது. நீண்ட இரவு தள்ளிப்போனது, நம்பிக்கை மட்டும் பழைய தேதியிலேயே தங்கிவிட்டது.

கண்களைத் தட்டில் ஏந்திய சொரூபத்தைப் பார்த்து, கண்ணைப் பிடுங்கித்தான் கொன்றார்கள் என்பார்கள். அந்தக் கதை மிகப் பிற்காலத்தில் சேர்ந்தது. கண்ணோய்க்கு அவரிடம் வேண்டிக்கொள்ள அது தடையில்லை. ஸ்வீடன் ஊர்வலத்தில் நட்சத்திரம் ஒட்டிய வெள்ளைக் கூம்புத் தொப்பியோடு லூசியாவின் பின்னால் வரும் சிறுவர்களை, கூம்பு முகமூடி அணியும் கு கிளக்ஸ் கிளான் என்ற அமெரிக்க இனவெறிக் கூட்டத்தோடு முடிச்சுப் போடுவது இன்னும் அபத்தம்.

ஸ்வீடன் போகிறவர்கள் அன்று பொதுவிடுமுறை என்று எண்ணி, சாவகாசமாக எழுந்து ஏமாறுகிறார்கள். அது வேலை நாள். பள்ளியிலும் அலுவலகத்திலும் விடிவதற்கு முன்பே ஊர்வலத்தைத் தொடங்கிவிடுவார்கள். சிசிலியின் பலெர்மோவில் வேறு சிக்கல்: அன்று ரொட்டியும் பாஸ்தாவும் கேட்கக் கூடாது. 1646 பஞ்சத்தில் தானியக் கப்பல் வந்தபோது, மாவாக அரைக்கப் பொறுமையில்லாமல் கோதுமையை அப்படியே அவித்துத் தின்றார்களாம். அந்த நினைவில் இன்றும் அவித்த கோதுமைதான், பொரித்த அரிசி உருண்டைதான். சிரகூசாவில் வெள்ளிச் சொரூபத்தைப் பவனியாக எடுப்பார்கள். மெழுகுவர்த்திக் கிரீடம் அந்த ஊர் வழக்கமில்லை.

உங்கள் ஊர்ச் சபையில் நடத்துவதாக இருந்தால், பிள்ளைகள் தலையில் நிஜ மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம், பேட்டரி விளக்கு போதும். பெரியவர்கள் நிஜத் திரிதான் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால், கிரீடத்துக்கு அடியில் ஈரத்துணி விரித்து, பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும்.

லூசியா நாளுக்கென ஸ்வீடனில் சுடும் குங்குமப்பூ பன்னைச் செய்வதில் பலரும் சறுக்குகிறார்கள். பூவை அப்படியே மாவில் தூவினால் நிறமும் ஏறாது, மணமும் வராது. சிறிது சர்க்கரையோடு சின்ன உரலில் பொடித்து, வெதுவெதுப்பான பாலில் ஊறவையுங்கள். அரை லிட்டர் பாலுக்கு ஒரு கிராம் போதும், கூடினால் கசக்கும். மாவு கையில் லேசாக ஒட்டும்போதே பிசைவதை நிறுத்துங்கள். மேலும் மைதா சேர்த்தால் மறுநாள் பன் வறண்டுவிடும். 225 டிகிரி செல்சியஸில் 5 முதல் 8 நிமிடத்துக்குள் வெந்துவிடும். அன்றே தின்று தீராததை, ஆறியவுடன் உறைபெட்டியில் வைத்துவிடுங்கள்.